மகளுக்கு எச்பிவி ஊசி: குமரி மாவட்டத்துத் தாய்மார் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் 28 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் போன் நிற்கவில்லை. பிள்ளைக்கு சொட்டு மருந்து எப்போது, தடுப்பூசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதே என்று ஒரு காலத்தில் கேட்ட அதே பெண்கள், மகள் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ வந்ததும் வேறொரு ஊசியைப் பற்றிக் கேட்கிறார்கள். மற்ற ஊசிகளைப் பற்றி வாசலில் நின்று சத்தமாகக் கேட்டவர்கள், இதை மட்டும் அடுக்களைக்குள் போய் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறேன். பதில்களில், நேரில் சொல்ல நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்திருக்கிறேன்.

இது என்ன ஊசியாக்கும் சிஸ்டர்?

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி. அந்த நோய் ஏறக்குறைய முழுவதும் எச்பிவி என்ற ஒரு வைரஸ் குடும்பத்தால் வருகிறது. இதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 16, 18 என்ற எண் கொண்ட இரண்டு வகைகள்தான் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம்.

வைரஸ் உடம்பில் நுழைந்த பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் அது தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடும். தங்கியது புற்றாக மாற 15, 20 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான் நாற்பதிலும் ஐம்பதிலும் நோய் தெரிகிறது. இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது.

ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. செத்த வைரஸும் கிடையாது. வைரஸின் மேல்தோடு போன்ற ஒரு புரதத்தை மட்டும் தனியாகச் செய்து கொடுக்கிறார்கள். உள்ளே ஒன்றுமில்லாத தேங்காய்த் தொட்டி மாதிரி. அதைப் பார்த்து உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளும். தொட்டி முளைக்காது, அதனால் நோயும் வராது.

எனக்க பிள்ளைக்கு பன்னிரண்டு வயசுதானே. அவ அப்படிப்பட்ட பிள்ளை இல்லியே?

எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விதான். வேறு எதையாவது கேட்டுத் தொடங்குவார்கள், கடைசியில் இங்கே வந்து நிற்பார்கள். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இந்த வைரஸ் உடலுறவின் வழியாகப் பரவும். இதை நான் மறைப்பதில்லை. ஆனால் எங்கே தொடங்கிச் சொல்வது என்பதை ஒரு தவறு செய்துதான் கற்றேன். ஒரு பெற்றோர் கூட்டத்தில், தகப்பன்மாரும் இருந்த இடத்தில், பரவும் விதத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதன் பிறகு நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. இப்போது புற்றுநோயில் தொடங்குகிறேன், பரவும் விதத்தைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் மட்டும் விடுவதில்லை. மறைத்துவிட்டால் நாளைக்கு வாட்ஸ்அப்பில் வேறு யாரோ சொல்வார்கள். சிஸ்டர் நம்மிடம் மறைத்துவிட்டாளே என்று அந்தத் தாய் நினைத்தால், அடுத்த ஊசிக்கும் என்னை நம்ப மாட்டாள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகள் பிறந்த அன்றே, ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்துக்குள், அவளுக்கு மஞ்சள்காமாலை பி ஊசி போட்டோம். அந்த வைரஸும் ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவுகிறது. பிறந்த பிள்ளைக்கு இதை எதற்குப் போடுகிறீர்கள், அவள் அப்படிப்பட்டவளா என்று அன்றைக்கு ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கல்லீரலைக் காப்பாற்றும் ஊசி என்று நினைத்தீர்கள். அது சரிதான். இதையும் கருப்பை வாயைக் காப்பாற்றும் ஊசி என்று நினையுங்கள்.

ஒழுக்கமாக வாழ்ந்து, ஒருவரை மட்டுமே கட்டி, ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களை நான் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். கணவனிடமிருந்து வந்திருக்கும். அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருந்திருக்கலாம், அவனுக்கே தெரிந்திருக்காது. ஆணின் உடம்பில் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. உங்கள் மகளின் குணத்துக்கு நீங்கள் உத்தரவாதம் தரலாம். இன்னும் யாரென்றே தெரியாத மருமகனின் உடம்புக்கு யார் தர முடியும்?

கல்யாணத்துக்கு முன்னால போட்டா போதாதா? இப்பவே எதுக்கு?

வைரஸ் உடம்பைத் தொடும் முன்பே ஊசி உள்ளே போயிருக்க வேண்டும். ஏற்கெனவே தொற்றிவிட்டதை இந்த ஊசி விரட்டாது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் எதிர்ப்புச் சக்தியும் பெரியவர்களைவிட அதிகமாக உண்டாகும். சின்ன வயதில் டோஸ் எண்ணிக்கை குறைவதும் அதனால்தான்.

இன்னொன்று, இது நான் பார்த்தது. நம் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் வீடு நகைக்கும் மண்டபத்துக்கும் ஓடும். அந்த நேரத்தில் ஊசியை நினைக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கும் முன்பே பெண் நர்சிங் படிக்கவோ இன்ஜினியரிங் படிக்கவோ வெளியூர் போயிருப்பாள். பள்ளிக்கூடச் சீருடையோடு உங்கள் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான் வசதி.

போட்டா பிள்ளைக்கு துணிச்சல் வந்துராதா?

வராது. பல நாடுகளில் ஊசி போட்ட பெண்களையும் போடாத பெண்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஊசியால் நடத்தை மாறியதாகக் காணவில்லை. சொல்லப்போனால், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கையில் வலிக்கிற ஒரு ஊசி, அவ்வளவுதான்.

பிறவு பிள்ளை உண்டாவாதுன்னு சொல்லுதாங்களே. அதான் பேடியா இருக்கு.

இந்தப் பயத்தை நான் ஒருநாளும் அலட்சியமாகப் பேசியதில்லை. கல்யாணமாகி ஒரு வருடத்தில் விசேஷம் உண்டா என்று கேட்கிற ஊர் இது. மகளின் கர்ப்பப்பையைப் பற்றித் தாய்க்குப் பயம் வராமல் எப்படி இருக்கும்?

ஆனால் இந்த வதந்தி புதிதல்ல. போலியோ சொட்டு மருந்துக்கும் வட இந்தியாவில் இதையே சொன்னார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதுதான் ஓடியது. பள்ளிக்கூட வாசலில் தாய்மார் வந்து நின்று, எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்றார்கள். வதந்தியால் வேலை பின்தங்கி, முகாம் நாட்களையே நீட்ட வேண்டிவந்தது. அன்றைக்கு அந்த ஊசி போட்ட பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் இன்று கையில் குழந்தையோடு என்னைப் பார்க்க வருகிறார்கள். ரூபெல்லா ஊசியே கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையைக் காப்பாற்றத்தான் போடப்பட்டது. அதையே மலடாக்கும் ஊசி என்று பரப்பினார்கள். அந்த வேதனை எனக்கு இன்னும் போகவில்லை.

எச்பிவி ஊசி 2006-ல் பயன்பாட்டுக்கு வந்தது. உலகம் முழுவதும் 50 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. முதலில் போட்டுக்கொண்ட ஆஸ்திரேலியச் சிறுமிகள் இன்று முப்பது வயதுப் பெண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு இதைப் பலமுறை ஆராய்ந்துவிட்டது. பிள்ளைப்பேறுக்கு இந்த ஊசியால் கெடுதல் வந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிள்ளைப்பேற்றை உண்மையில் கெடுப்பது அந்த நோய். புற்று வந்தால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரும், அல்லது கதிர்வீச்சு கொடுக்க வேண்டிவரும். புற்றாகும் முன்பே கண்டுபிடித்து கருப்பை வாயில் கொஞ்சத்தை வெட்டி எடுத்தாலும், சிலருக்குப் பிற்பாடு குறைமாதப் பிரசவம் ஆகலாம். மகள் வழியாகப் பேரன் பேத்தி வேண்டும் என்று நினைக்கிற தாய்தான் இந்த ஊசியை முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

ஆந்திராவுல இந்த ஊசி போட்டு பிள்ளைகள் செத்துப் போனாங்களாமே?

இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் பொய்" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். நடந்ததை முழுவதும் சொல்கிறேன்.

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போடும் திட்டத்தை நடத்தியது. ஊசி போட்டவர்களில் 7 சிறுமிகள் பிறகு இறந்தார்கள். 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது. விசாரணைக் குழு ஒவ்வொரு சாவையும் பார்த்தது. ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கியிருந்தாள், ஒருத்தியைப் பாம்பு கடித்திருந்தது, பூச்சிமருந்து குடித்த சாவு இருந்தது, மலேரியா இருந்தது. ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தச் சிறுமிகளில் பலர் விடுதியில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது பெரிய தவறு. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது நியாயம். தாய்க்கும் தகப்பனுக்கும் சொல்லாமல் அவர்கள் பிள்ளைக்கு ஊசி போட யாருக்கும் உரிமை கிடையாது. இந்த வரியை ஒரு செவிலியராகவே எழுதுகிறேன். மருந்தில் கோளாறு காணப்படவில்லை, கேட்ட முறையில் கோளாறு இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் மகளுக்குச் சரியான முடிவு எடுக்க முடியும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அதே காலத்தில் நாட்டின் வேறு 9 மையங்களில், நம் தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உட்பட, இரண்டு டோஸ் போதுமா மூன்று வேண்டுமா என்று தனியாக ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அரசின் தடையால் அதுவும் பாதியில் நின்றது. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே ஒரு டோஸோடு வீடு திரும்பினார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2021-ல் வெளியான முடிவு: 16, 18 வகைகள் உடம்பில் நிலைத்துத் தங்காமல் தடுப்பதில் ஒரு டோஸே சுமார் 95 சதவீதம் பலன் தந்திருந்தது. இன்று உலகம் ஒரு டோஸ் போதும் என்று பேசுவதற்கு ஆதாரமாக நிற்பவர்களில் நம் அம்பிளிக்கைப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு.

அப்போ எத்தனை டோஸ்?

9 முதல் 20 வயது வரை ஒன்றோ இரண்டோ போதும் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தனியார் மருத்துவர்கள் 15 வயதுக்கு முன் ஆறு மாத இடைவெளியில் இரண்டும், அதற்கு மேல் மூன்றும் போடுவது வழக்கம். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோய் உள்ள பிள்ளையென்றால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களுக்குக் கணக்கு வேறு.

அவளுக்க அப்பா கல்ஃபுல. அவரு வேண்டாம்னு சொல்லுதாரு. என்ன செய்யது?

நம் மாவட்டத்தில் இந்த முடிவை ஒரு ஆள் எடுப்பதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒப்புதல் படிவம் வரும். தாய் அதை வாசிப்பாள். இரவு தகப்பனுக்கு வீடியோ கால் போகும், அவர் மஸ்கட்டிலோ குவைத்திலோ இருப்பார். தூத்தூர், வள்ளவிளைப் பக்கமென்றால் ஆழ்கடலுக்குப் போனவர் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார். அவர் வந்தபிறகு பார்க்கலாம் என்று படிவம் அலமாரிக்குள் போகும், கடைசித் தேதியும் போய்விடும். நடுவில் மாமியார் ஒன்று சொல்வாள், மைனி ஒன்று சொல்வாள்.

நான் பார்த்தவரை, வேண்டாம் என்று சொல்லும் தகப்பன்மாரில் பலர் யோசித்து வேண்டாம் என்று சொன்னவர்கள் இல்லை. தூக்கக் கலக்கத்தில், ரெண்டு நிமிஷக் காலில், "ஏதோ ஊசியாம், பள்ளிக்கூடத்துல கேக்காவ" என்று அரைகுறையாகக் கேட்டவர்கள். தூரத்தில் இருக்கிற மனிதன், தெரியாத விஷயத்துக்கு வேண்டாம் என்றுதான் சொல்வான். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஓடிவர முடியாதே என்ற பயம் அது. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் அவசரத்தில் கேட்காதீர்கள். அவருடைய லீவு நாளில் பேசுங்கள். ஊசியின் பெயரையும் அது எதற்கு என்பதையும் எழுதி அனுப்புங்கள். அங்கேயே ஒரு ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் இப்படித்தான் நடந்தது. ஓமானில் வேலை பார்க்கும் தகப்பன் மூன்று மாதம் சம்மதிக்கவில்லை. பிறகு அவரே அங்கே ஒரு மலையாளி நர்ஸிடம் கேட்டிருக்கிறார். "என் மகளுக்குப் போட்டாச்சு சேட்டா" என்று அந்தப் பெண் சொன்னாளாம். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் வந்தது. நான் மூன்று மாதம் சொன்ன நியாயங்களைவிட அந்த ஒரு வார்த்தைக்கு வலு இருந்தது.

நம் மாவட்டத்துக்கு இது பெரிய பலம். சொந்தத்தில் ஒரு நர்ஸ் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. சின்னம்மை மகளோ, மாமா மருமகளோ எங்காவது ஒரு வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைக் கூப்பிட்டு, உன் பிள்ளைக்குப் போட்டாயா என்று கேளுங்கள். "போடலாமா" என்று கேட்டால் பொதுவாக ஒரு பதில் கிடைக்கும். "போட்டாயா" என்று கேட்டால் உண்மை கிடைக்கும்.

முன்னால் ஒருவர் போட்டுக் காட்டினால்தான் பின்னால் ஊர் வரும் என்பது இங்கே பழைய பாடம். இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1813 வாக்கில், அம்மைத் தடுப்புக்குத்து புதிதாக வந்தபோது மக்கள் பயந்தார்கள். ராணி கௌரி லக்ஷ்மி பாய் அரச குடும்பத்தில் முதலில் போட்டுக் காட்டி அந்தப் பயத்தைத் தீர்த்தார்.

வேணும்னா எங்க டாக்டரே சொல்லியிருப்பாரே?

உலகம் முழுவதும் பெற்றோரின் முடிவை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: டாக்டர் தெளிவாகப் "போடுங்கள்" என்று சொன்ன வீடுகளில் போடுகிறார்கள், டாக்டர் பேசாமல் இருந்த வீடுகளில் போடுவதில்லை. பேசாமல் இருப்பதைப் பெற்றோர் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

டாக்டர் ஏன் பேசவில்லை? காய்ச்சலுக்கு வந்த பிள்ளைக்குக் காய்ச்சலைப் பார்த்து அனுப்புவார். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளை ஊசிக்கென்று யாரும் கூட்டிப்போவதும் இல்லை. விலையைச் சொன்னால் விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குபவர்களும் உண்டு. என் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "வேணும்னா போட்டுக்கோங்க" என்றார் டாக்டர். அந்த "வேணும்னா"வைக் கேட்டதும் தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் பக்கத்தில் இருந்ததால் உட்காரவைத்தேன். என்னைப் போல் ஒருத்தி பக்கத்தில் இல்லாத தாய் என்ன செய்வாள்? நீங்களே கேளுங்கள். "டாக்டர், இவளுக்கு எச்பிவி ஊசி இப்போ போடலாமா?" என்ற ஒரு வரி போதும்.

காசு நெறய ஆவுமே?

தனியாரில் ஆயிரக்கணக்கில் ஆகும், உண்மை. வெளிநாட்டு ஊசிகளுக்கு விலை கூடுதல். புனேயில் சீரம் நிறுவனம் செய்யும் செர்வாவாக் என்ற இந்திய ஊசி 2023-ல் விற்பனைக்கு வந்தது, அதன் விலை குறைவு. விலை கூடிய வெளிநாட்டு ஊசி ஒன்றில் 9 வகைக்கும் இந்திய ஊசியில் 4 வகைக்கும் பாதுகாப்பு கிடைக்கும். முக்கியமான 16, 18 இரண்டும் எல்லாவற்றிலும் உண்டு. ஒன்பதுக்கான காசு சேரட்டும் என்று நான்கையும் போடாமல் காத்திருக்க வேண்டாம்.

தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், 14 வயதுப் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் படிப்படியாக இலவசமாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. உங்கள் பகுதிக்கு எப்போது என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டு வையுங்கள். ரப்பர் வெட்டப் போகிற குடும்பத்துக்கும் வலை இழுக்கிற குடும்பத்துக்கும் இந்தக் காசு சாதாரணமில்லை. போடாமல் இருக்கிற தாயை நாம் குறை சொல்லும் முன்பு அவள் கையில் காசு இருந்ததா என்று கேட்க வேண்டும்.

எங்க குடும்பத்துல யாருக்கும் கேன்சர் இல்லியே?

இது வம்சாவழியாக வரும் நோய் இல்லை, வைரஸால் வருவது. குடும்பத்தில் யாருக்கும் வராதது நல்ல விஷயம், ஆனால் அது மகளுக்குக் காப்பு ஆகாது. "இல்லை" என்று சொல்வதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நம் பாட்டிகளுக்கு "வயித்துல கட்டி", "ரத்தப்போக்கு" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு எட்டு மாதம் துணியை மறைத்துத் துவைத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒன்றும் செய்ய முடியாத நிலை. அவளுடைய மூத்த மகள் பிறகு என்னிடம் வந்து, எனக்க ரெண்டு பிள்ளைகளுக்கும் எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

பள்ளிவாசல்லயும் சபையிலயும் ஒத்துக்குவாங்களா?

ஊசியில் பன்றிக் கொழுப்பு இருப்பதாகச் சிலர் கேட்கிறார்கள். இல்லை. புரதத்தை ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் வளர்க்கிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மலேசியாவே 2010 முதல் பள்ளிக்கூடங்களில் போடுகிறது. நம் மாவட்டத்தில் கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரிகளின் வரலாறு நெய்யூரில் 1838-லேயே தொடங்குகிறது. மருத்துவமும் சபையும் இங்கே எதிரெதிராக நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் சங்கம் கூடும்போது பத்து நிமிடம் கொடுங்கள் என்று அச்சனிடமோ ஐயரிடமோ கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒருவரும் மறுத்ததில்லை.

ஊசி போட்டா என்னெல்லாம் செய்யும்?

கை வலிக்கும், கொஞ்சம் வீங்கலாம். தலைவலி, லேசான காய்ச்சல் ஒரு நாள் இரண்டு நாள் இருக்கலாம். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம், அதுவும் போட்ட சில நிமிடங்களில் தெரியும், அதற்கான மருந்து கையிலேயே இருக்கும்.

மயக்கம்தான் நான் கவனிக்கச் சொல்வது. இந்த வயதுப் பிள்ளைகள் எந்த ஊசிக்கும் பயந்து மயங்குவார்கள், காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் நிச்சயம். வரிசையில் ஒருத்தி மயங்கினால் பின்னால் நிற்கும் நாலு பேருக்கும் தலை சுற்றும், பத்தே நிமிடத்தில் ஊருக்குள் செய்தி போய்விடும். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். போட்டபின் 15 நிமிடம் உட்கார வையுங்கள். மாதவிடாய் நாளாக இருந்தாலும் போடலாம். ஈஸ்ட் ஒவ்வாமையோ, முந்தைய ஊசியில் கடும் ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். காய்ச்சல் அதிகமாக இருந்தால் குணமாகட்டும். கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை.

உண்மையிலேயே பலன் உண்டா, இல்ல கணக்கு காட்டதா?

சுவீடனில் 17 வயதுக்கு முன் போட்டவர்களிடம் இந்தப் புற்று 88 சதவீதம் குறைந்திருந்ததாக 2020-ல் வந்தது. இங்கிலாந்தில் 12-13 வயதில் போட வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம் 87 சதவீதம் குறைந்தது, 2021-ல் வந்த கணக்கு. ஸ்காட்லாந்தில் 12-13 வயதில் முழுதாகப் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்று 2024-ல் சொன்னார்கள். மறுபக்கமும் உண்டு. ஜப்பானில் 2013-ல் பக்கவிளைவுச் செய்திகள் பரவ, அரசு பரிந்துரையை நிறுத்தி வைத்தது. ஊசி போடுவோர் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். மறுபடி முழுதாகத் தொடங்க 2022 ஆயிற்று. அந்த ஒன்பது ஆண்டுப் பிள்ளைகள்தான் பாவம்.

பிள்ளைகிட்ட என்ன சொல்லதுக்கு?

உண்மையை, அவள் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள். "பெரியவளானபிறகு வரக்கூடிய ஒரு கேன்சரைத் தடுக்கும் மக்ளே" என்றால் போதும். கேட்டால் மேலே சொல்லுங்கள். சத்து ஊசி என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் போனில் தேடத் தெரியும். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, கை அவளுடையது. அவளும் சரி என்று சொல்லட்டும்.

மகனுக்கும் போடலாமா?

போடலாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பையன்களுக்கும் போடுகிறார்கள். காசும் மருந்தும் கொஞ்சமென்றால் பெண் பிள்ளைக்கு முதலில்.

மூத்தவளுக்கு 22 ஆச்சு. எனக்கு 41. எங்களுக்கு?

மூத்தவளுக்கு 26 வயது வரை போடலாம். கல்யாணமாகியிருந்தாலும் பலன் உண்டு, சின்ன வயதில் போட்டதைவிடக் கொஞ்சம் குறையலாம். மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

உங்களுக்கு ஊசியைவிடச் சோதனைதான் முக்கியம். இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்ததில்லை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் பத்துக்குப் பக்கம். அதுதான் நாட்டிலேயே அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். மகளுக்காக ஆறு பேரிடம் விசாரித்த தாய், தனக்காக ஒரு நாள் ஒதுக்கமாட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். கருப்பை வாயில் ஒரு மருந்தைத் தடவிப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை, பெண் பணியாளர்தான் செய்வார். ஏதாவது தெரிந்தால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஊசி போட்ட மகளும் 30 வயதானபின் இந்தச் சோதனைக்கு வரத்தான் வேண்டும், ஏனென்றால் ஊசியில் இல்லாத வகைகளும் உண்டு. மகளை ஊசிக்குக் கூட்டிவரும் அன்றே நீங்களும் செய்துகொள்ளலாம். உங்களுக்கு மாதவிடாய் நாளாக இருந்தால் மட்டும் சோதனைக்கு அது முடிந்தபிறகு வாருங்கள்.